சகலையின் டைனோசர்

மியூசியத்தின் பின்பக்கத்தில், ஜெனரேட்டர் அறையை ஒட்டி ஒரு நீளமான அறை. வெட்டிக்கொண்டு வரும் பாறைத் துண்டுகளைச் செதுக்கி, உள்ளே இருக்கும் எலும்பைச் சேதமில்லாமல் வெளியே எடுக்கிற வேலை அங்கேதான் நடக்கும். இருபத்திரண்டு வருஷமாக அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குச் சுண்ணாம்பு என்று பெயர் விழுந்துவிட்டது. காலையில் கறுப்பு மீசையோடு உள்ளே போவார், சாயங்காலம் வெள்ளை மீசையோடு வெளியே வருவார். எல்லாம் கல்தூசி.

பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற ஊசிகள், காற்றழுத்தத்தில் அதிரும் ஒரு சின்ன உளி, எலும்பு உருண்டுவிடாமல் அணைத்து வைக்க மணல் பைகள், பசை, பிரஷ், ஒரு மைக்ரோஸ்கோப். இவற்றோடு நாளெல்லாம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். ஒரு மணி நேரத்தில் நகத்தின் அகலத்துக்குக் கல்லை அகற்றினால் அது நல்ல வேகம். கை நடுங்கவே நடுங்காது. மனசு விஷயம் வேறு. அந்த மனசில் ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய சகலை.

சகலை அதே மியூசியத்தில் ஆராய்ச்சி அதிகாரி. ஆறு வயது இளையவர். பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம், மாடியில் ஜன்னல் வைத்த அறை, கதவில் பெயர்ப்பலகை. சுண்ணாம்பின் மனைவியுடைய தங்கையைக் கட்டியவர். அந்தக் கல்யாணத்தை முன்னின்று முடித்து வைத்ததே சுண்ணாம்புதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தப் பையன் எலும்பு அறைக்கு அடிக்கடி வந்து, எதையும் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பான். நல்ல பிள்ளை என்று வீட்டில் போய்ச் சொன்னார். அதை நினைத்தால் தன் கன்னத்தில் தானே இரண்டு வைக்கலாம் போலிருக்கும் அவருக்கு.

ஏனென்றால் அதற்குப் பிறகு அவருடைய நாள் இரண்டாகப் பிளந்துவிட்டது. காலை ஒன்பது மணிக்கு மாடிப்படியில் எதிரே வந்தால் "சார்" என்று சொல்ல வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு அதே ஆள் வீட்டுக்கு வந்து "அண்ணா" என்பார், இவர் "வாங்க சகலை" என்பார். சார் என்று கூப்பிடச் சொல்லி அவர் கேட்டதே இல்லை. வேண்டாம் என்று நாலு தடவை சொல்லியும் பார்த்தார். மற்ற ஊழியர்கள் எதிரில் சொல்லாமல் இருக்க முடியாதே. சகலை கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால் சுண்ணாம்புக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். திமிர் பிடித்தவன் என்று திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அந்த வசதியும் கிடைக்கவில்லை.

மாமனார் ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள்கள் இருவரும் குடும்பத்தோடு அங்கே சாப்பிடப் போவார்கள். கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே கை வைத்த நாற்காலி ஒன்று உண்டு. பதினைந்து வருஷம் அது மூத்த மாப்பிள்ளைக்கு என்று இருந்தது. இளையவர் வந்த முதல் மாதத்திலேயே, "டாக்டர் மாப்பிள்ளை, இங்க உக்காருங்க" என்று மாமனார் அந்த நாற்காலியைக் காட்டிவிட்டார். சுண்ணாம்பு சுவரோர பெஞ்சுக்கு நகர்ந்தார். யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவர் மட்டும் அன்றைய தேதியைக்கூட மறக்கவில்லை.

இதெல்லாம் சின்ன எரிச்சல். அடுப்பு மூட்டியது வேறு ஒன்று.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், சகலை வேலைக்கு வருவதற்கும் முன்பு, வறண்ட ஓடை ஒன்றின் கரையில் தோண்டப் போன குழுவில் சுண்ணாம்பும் இருந்தார். அந்தப் பாறையில் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் ஒரே ஒரு பிராணிதான். லாரி நீளத்துக்கு இருந்த தாவர உண்ணி டைனோசர். மியூசியத்தில் அதைப் பெரியவன் என்பார்கள். அந்தத் தடவை அதோடு கூட, சின்னதாக ஏதோ ஒன்றின் எலும்புகளும் கிடைத்தன. கீழ்த்தாடையில் பாதி, அதில் ஆறு பற்கள். ஒரு தொடை எலும்பு, ஒரு சாண் நாலு விரல் நீளம். சில நொறுங்கல்கள். கன்றுக்குட்டி அளவுக்குமேல் இருந்திருக்காது.

ஏழு மாதம் அந்தத் தாடையைச் சுத்தம் செய்தார் சுண்ணாம்பு. பற்கள் இலை மாதிரி இருந்தன. ஓரமெல்லாம் ரம்பம் போல் பொடிப்பொடியான கூர்கள். பெரியவனின் பல்லில் நடுவே இரண்டு கோடுகள் மேடாக ஓடும். இதில் ஒன்றுதான், அதுவும் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடியது. இது வேறு பிராணி என்று அவருக்குப் பட்டது. அப்போதைய தலைமை அதிகாரியிடம் போய்ச் சொன்னார். அந்த அதிகாரி பல்லைக்கூடப் பார்க்கவில்லை, இவரைத்தான் ஏற இறங்கப் பார்த்தார். பெரியவனுடைய குட்டியாக இருக்கும், வளர வளரக் கோடு கூடியிருக்கும், பெட்டியில் போட்டு வையுங்கள் என்றார். தொழிற்பயிற்சிச் சான்றிதழ் மட்டும் வைத்திருக்கிறவர் அதற்கு மேல் என்ன பேச முடியும். பெட்டியில் போட்டு வைத்தார்.

பன்னிரண்டு வருஷம் கழித்து சகலை அந்தப் பெட்டி இருந்த டிராயரைத் திறந்தார். டீ குடிக்கிற நேரத்தில் தாடையைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து, இதைச் சுத்தம் செய்தது நீங்கள்தானா, உங்களுக்கு என்ன தோன்றியது என்று கேட்டார். அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். சுண்ணாம்புக்கு மனசு குளிர்ந்து போயிற்று. ஒற்றைக் கோட்டைப் பற்றி, அது சாய்ந்து ஓடுவதைப் பற்றி, ஆறு பல்லிலும் அது ஒரே மாதிரி இருப்பதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். டீ ஆறிப் போனது.

அடுத்த வாரம் அதிகாரிகள் கூட்டம். சகலை திரையில் பல்லின் படத்தைப் போட்டு, அந்த ஒற்றைக் கோட்டைக் குச்சியால் தொட்டுக் காட்டி, "இத நான் கவனிச்சேன்" என்று ஆரம்பித்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சுண்ணாம்புக்குக் காதுமடல் சுட்டது. சகலை திருடவில்லை, யார் சொன்னது என்பதை அந்த மனுஷர் சுத்தமாக மறந்துவிட்டார். தன் பேச்சு இன்னொருவரின் தலைக்குள் போய் அவருடைய யோசனையாகவே ஆகிவிட்டது என்பது சுண்ணாம்புக்குத் திருட்டை விடக் கசந்தது. திருட்டென்றால் கேட்டு வாங்கிவிடலாம்.

அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. அது எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்க சகலை ஒரு பெரிய அட்டவணை வைத்திருந்தார். இருநூற்று எண்பத்துநாலு அடையாளங்கள். ஒவ்வொன்றும் இந்தப் பிராணியில் உண்டா இல்லையா என்று நிரப்ப வேண்டும். எலும்பு இல்லாத இடத்தில் கேள்விக்குறி. தாடையையும் தொடையையும் வைத்து அறுபத்தொன்றைத்தான் நிரப்ப முடிந்தது. மிச்சமெல்லாம் கேள்விக்குறி, எறும்புச் சாரை மாதிரி. அதைக் கம்ப்யூட்டரில் கொடுத்தால் வம்சாவளி போல ஒரு கிளைப் படம் வரும். அதில் இது பெரியவனின் கிளையில் ஒட்டாமல் தனியாக நின்றது.

குட்டியா, வளர்ந்ததா என்கிற கேள்வி பாக்கி. அதற்கு சகலை தொடை எலும்பின் நடுவில் மெல்லிய சீவல் ஒன்று எடுத்து, கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும்வரை தேய்த்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். மரத்தில் இருப்பதுபோல் வளையங்கள். ஒன்பது. வெளி வளையங்கள் ஒன்றோடொன்று நெருங்கிக் கிடந்தன. வளர்ச்சி நின்றுவிட்டது என்று அர்த்தம். ஒன்பது வயது, முழுசாக வளர்ந்த சின்னப் பிராணி. ஆகவே புது இனம்.

மாடி முழுக்கக் கைதட்டல். சுண்ணாம்பும் தட்டினார். தட்டும்போதே ஒன்று ஞாபகம் வந்து, உள்ளங்கைகள் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிட்டன.

அந்தத் தொடை எலும்பு தாடையோடு கிடைத்தது இல்லை. ஓடையின் கீழ்ப்பக்கமாக முப்பது அடி தள்ளி, தாடை கிடைத்த சிவப்புப் பாறைக்கு மேலே இருந்த அடுக்கில் அவரே பொறுக்கியது. திரும்பி வரும் வழியில் மழை. எலும்புகளைச் சுற்றியிருந்த பிளாஸ்டர் கட்டுகள் நனைந்து, எது எங்கே கிடைத்தது என்று எழுதிய சீட்டுகளில் இரண்டு கரைந்து போயின. அளவு ஒத்துப்போகிறதே என்று இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து ஒரே பதிவு எண்ணைக் கொடுத்தவரும் அவரேதான். டிராயருக்குள் போகிற சாமானுக்கு இது போதும் என்று அன்றைக்கு நினைத்திருந்தார்.

தொடை வேறு பிராணியுடையது என்றால், தாடைக்காரன் வளர்ந்தவன் என்பதற்கு ஆதாரமே இல்லை. மறுபடியும் அது பெரியவனின் குட்டியாகவே இருக்கலாம். சகலை எழுதத் தொடங்கியிருந்த கட்டுரை மொத்தமும் அந்த ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது.

சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் தன் தப்பு வெளியே வரும் என்று முதலில் தயங்கினார். இரண்டு நாளில் அந்தத் தயக்கத்துக்கு அடியில் வேறொன்று இனிப்பாக ஊறத் தொடங்கியது. சொல்லாமல் இருந்தால்? அச்சாகட்டும். ஊரெல்லாம் பேசட்டும். அப்புறம் ஒருநாள் விஷயம் வெளியே வரும். மாடிப்படியில் அந்த முகம் எப்படி இருக்கும்?

இதற்கு நடுவில் சகலை இன்னொரு காரியம் செய்தார். புது இனத்துக்குப் பெயர் வைக்க வேண்டுமே, மாமனாரின் பெயருக்கு லத்தீன் வால் ஒட்டி வைத்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷன் மாஸ்டர் இருந்த இருப்பைச் சொல்ல முடியாது. தன் பெயரின் புது வாலை ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தெருவில் போகிறவர்களை நிறுத்தி, ஏழு கோடி வருஷத்துக்கு முன்னால் தன் பெயரில் ஒரு டைனோசர் இருந்தது என்றார். பெரிய மாப்பிள்ளையைப் பார்த்து, "உங்க கைபட்ட எலும்புதானாமே" என்றும் ஒரு வார்த்தை சொன்னார். பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவருக்குப் பரிமாறியது போல இருந்தது சுண்ணாம்புக்கு. இருபத்துமூன்று வருஷ மாப்பிள்ளை அவர். குழாய் உடைந்தால், ஸ்விட்ச் எரிந்தால், மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்தால் ஓடி வந்தது அவர். இந்த ஆள் ஒரு பெயரை வைத்துவிட்டு மொத்தத்தையும் வாரிக்கொண்டு போய்விட்டார்.

கட்டுரை பத்திரிகைக்குப் போனது. மூன்று மாதம் கழித்து, அதைப் பரிசீலித்தவர்களில் ஒருவர் ஒரே ஒரு கேள்வி எழுப்பி அனுப்பியிருந்தார். தாடையும் தொடையும் ஒரே பிராணியுடையவை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? சகலை கடிதத்தோடு எலும்பு அறைக்கு இறங்கி வந்தார். வாசலில் மின்சார வேலை செய்கிறவர் இருவர் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணா, நீங்கதான் அங்க இருந்தீங்க. ரெண்டும் ஒரே குழியில கிடைச்சதுதானே?"

சுண்ணாம்பு ஊசியைக் கீழே வைத்தார். "ஒரே குழிதான் சார்."

"நோட்டுல ஏதாவது எழுதி வெச்சிருக்கீங்களா?"

"மழையில போயிடுச்சு சார்."

சகலை நன்றி சொல்லிவிட்டு மாடியேறிப் போனார். இரண்டு வரியில் இரண்டு பொய். அந்த நோட்டு வீட்டு அலமாரியில், வெள்ளைத் துணிக்கு அடியில், ஓர் எழுத்துக்கூட அழியாமல் இருந்தது. ஏணியைத் தானே பிடித்து அந்த ஆளை மேலே ஏற்றிவிட்டதாக அவருக்குப் பட்டது. உயரமாக ஏறினால்தானே விழுவதும் நன்றாக இருக்கும்.

அவருடைய மனைவி வீட்டின் முன்னறையில் இரண்டு மெஷின் போட்டுத் தையல் வேலை செய்கிறவர். வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே எதிரே இருக்கிறவரை அளந்துவிடுவார். ஒருநாள் காலையில் இவர் சட்டை பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது, மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஒரு வாரமா உங்க முகத்துல ஒரு சிரிப்பு இருக்கு. எனக்கு அது பிடிக்கல." இவர் ஒன்றும் இல்லை என்றார். மனைவி மறுபடியும் மெஷினை மிதித்தார். கேள்வி கேட்டுத் துளைத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

பத்திரிகை கட்டுரையை ஏற்றுக்கொண்டது. அச்சுக்கு ஒன்பது வாரம் இருந்தது. அந்த நாட்களில்தான் சுண்ணாம்புக்கு மிச்சக் கல் ஞாபகம் வந்தது. தாடையைப் பிரித்தெடுத்த பாறையில் ஒரு தேங்காய் அளவுத் துண்டு பாக்கி. அதன் ஒரு முனையில் ஏதோ எலும்பின் விளிம்பு தெரியும். பழைய தலைமை அதிகாரி பெட்டியில் போடச் சொன்னதோடு வேலை நின்றுவிட்டதால் அதைப் பெஞ்சுக்கு அடியில் ஒரு மரப்பெட்டியில் போட்டிருந்தார். அது இருப்பது வேறு யாருக்கும் தெரியாது. எடுத்துப் பார்த்தார். முதுகெலும்பின் கணு. இரண்டு இருக்கும் போலத் தெரிந்தது.

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. முதுகெலும்பின் கணு ஒவ்வொன்றும் இரண்டு பாகம். கீழே உருளை, மேலே நரம்பு ஓடுகிற வளைவு. குட்டியில் இரண்டும் தனித்தனி. நடுவே தையல் பிரிந்தது மாதிரி ஒரு கோடு தெரியும். வளர்ந்ததும் இரண்டும் ஒன்றாகி அந்தக் கோடு மறைந்துவிடும். இது தாடையோடு ஒரே கல்லில் ஒட்டிக் கிடந்தது, சந்தேகத்துக்கு இடமில்லை. இதில் கோடு இருந்துவிட்டால் தாடைக்காரன் குட்டி. புது இனம் போச்சு. அன்றைக்கு அந்த அதிகாரி சொன்னது சரி, சகலை சொன்னது தப்பு. தான் சொன்னதும் தப்புதான் என்பது அப்போது அவருக்குத் தோன்றவே இல்லை. பொறாமைக்கு ஒரு கண்தான் போலிருக்கிறது.

மதியச் சாப்பாட்டு இடைவேளையில், கதவைச் சாத்திவிட்டு வேலை செய்தார். மற்ற வேலைகளுக்கு நடுவே அரை மணி, முக்கால் மணி. கல் கெட்டியானது, எலும்போ பிஸ்கட் மாதிரி உதிரும். ஒரு தடவை ஊசி வழுக்கி விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்தது. அதைத் தேடி எடுத்து ஒட்ட ஒரு முழு வாரம் ஆனது. இருபத்திரண்டு வருஷத்தில் இவ்வளவு கவனமாக அவர் எதையும் செய்ததில்லை. அன்பாகச் செய்கிற வேலைக்கு இத்தனை பொறுமை வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஏழாவது வாரம், ஒரு வியாழக்கிழமை, முதல் கணுவின் பக்கவாட்டில் கடைசித் துணுக்குக் கல்லும் போனது. மைக்ரோஸ்கோப்பைத் திருகிப் பார்த்தார். வளைவு மேலிருந்து இறங்கி உருளையில் வழவழவென்று கலந்திருந்தது. கோடு இல்லை. மறுபக்கம் திருப்பினார். அங்கேயும் இல்லை. இரண்டாவது கணுவையும் அடுத்த நாள் முடித்தார். அதிலும் இல்லை. கணுவோடு ஒட்டி ஒரு விலா எலும்பின் துண்டும் இருந்தது.

முழுசாக வளர்ந்த பிராணி. சகலை சரி. தப்பான எலும்பை வைத்துக்கொண்டு சரியான பதிலைச் சொல்லியிருந்தார் மனுஷர். சரியான எலும்பு சுண்ணாம்பின் மணல் பை மேல் உட்கார்ந்திருந்தது.

அவர் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு வாரத்துக்கு மேல் யாரிடமும் மூச்சு விடவில்லை. கணுக்களைப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அப்படியே விட்டுவிட்டாலும் யாருக்கு நஷ்டம் என்று தனக்குள் வாதாடினார். முடிவு சரிதானே. தொடை விவகாரம் மட்டும் என்றைக்காவது வெளியே வந்தால் சகலை மாட்டுவார். அந்தச் சுகமும் கையை விட்டுப் போகவில்லை.

அந்த ஞாயிறு மாமனார் வீட்டில் பழைய ரயில்வே நண்பர்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். சகலை தொடை எலும்பின் பிளாஸ்டர் நகல் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். மின்விசிறிக்குக் கீழே, அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அதைக் கைமாற்றி எல்லோருக்கும் காட்டினார். எல்லா ரகசியத்தையும் சொன்னது இந்தத் தொடைதான் என்றார். கிழவர்கள் அதைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் அதைத் தன் தொடையின் பக்கத்தில் வைத்து அளந்து காட்ட, எல்லோரும் சிரித்தார்கள்.

பெஞ்சில் இருந்த சுண்ணாம்புக்கு வயிறு பற்றி எரிந்தது. இந்தத் தடவை எரிந்தது சகலையைப் பார்த்து இல்லை. அந்தத் தொடையைப் பார்த்து. எங்கோ முப்பது அடி தள்ளிக் கிடந்த எலும்பு. அதைச் சுத்தம் செய்ய நாலே நாள்தான் ஆனது. அதற்கு இத்தனை மரியாதை. தையல் தெரியாமல் கூடிய அந்தக் கணுக்கள், உதிர்ந்த சில்லைத் தேடி ஒட்டிய அந்த வேலை, அதைப் பார்த்தவர் உலகத்தில் ஒருவர்கூட இல்லை. வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் மனைவி எதையோ கேட்டார். அவர் காதில் விழவில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு மாடியேறிப் போய், கதவைச் சாத்திவிட்டு, பஞ்சுப் பெட்டியை சகலையின் மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் அந்தப் பழைய நோட்டு.

"அந்தத் தொடை அங்க கிடைச்சதில்ல" என்றார். "ஓடைக்குக் கீழ, மேல் அடுக்குல. பெட்டியில சேர்த்து வெச்சது நான். நீங்க கேட்டப்போ பொய் சொன்னேன்."

சகலை நோட்டைப் புரட்டினார். அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார்.

"ஏன்?"

"பொறாமைதான்."

"அச்சாகி வெளிய வந்திருந்தா என் பேர் என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சீங்களா?"

"அதுக்காகத்தான் சொல்லாம இருந்தேன்."

சகலை எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். பிறகு வந்து பெட்டியைத் திறந்து கணுவை எடுத்தார். விளக்குக்குக் கீழே திருப்பினார், மறுபடியும் திருப்பினார். இது எந்தக் கல்லில் இருந்தது என்று மட்டும் கேட்டார். தாடை இருந்த அதே கல் என்றார் சுண்ணாம்பு. அதன் பிறகு சகலை வாயைத் திறந்தபோது வந்தது மரியாதையான குரல், அண்ணா இல்லாத குரல். "நீங்க போகலாம்."

கட்டுரையை அச்சுக்கு முன்னாலேயே திரும்பப் பெற்றார்கள். சீட்டுக் குழப்பத்துக்காக மியூசியத்திலிருந்து சுண்ணாம்புக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வாங்கிக் கையெழுத்துப் போட்டார். மூன்று வாரம் சகலை பேசவில்லை. அக்காவும் தங்கையும்கூட போனில் குழந்தைகளின் காய்ச்சலைத் தாண்டி எதுவும் பேசவில்லை. மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் கேட்டு முடித்துவிட்டு, அந்தச் சிரிப்பு போய்விட்டது, அதுவரைக்கும் சந்தோஷம் என்றார்.

பத்திரிகைக்கு சகலை எழுதிய கடிதத்தின் நகல் அலுவலகத்தில் சுண்ணாம்பின் கண்ணில் பட்டது. தோண்டிய காலத்துச் சீட்டுகள் குழம்பியதாகவும், இப்போது சரியான தகவல் கிடைத்திருப்பதாகவும் எழுதியிருந்தார். பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. படித்ததும் தலை குனிந்தது. கூடவே, பெருந்தன்மையிலும் இந்த ஆள்தான் முந்திக்கொள்ள வேண்டுமா என்றொரு முள்ளும் குத்தியது.

நாலாவது வாரம் சகலை எலும்பு அறைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபம் தீரவில்லை என்று முகத்தில் எழுதியிருந்தது. "வேலையை ஆரம்பிப்போம்" என்றார், அவ்வளவுதான். விலா எலும்புத் துண்டைச் சீவிப் பார்த்தார்கள். ஏழு வளையங்கள், வெளியே நெருங்கியவை. அட்டவணையில் தொடை எலும்பின் அடையாளங்களையெல்லாம் அடித்துவிட்டுக் கணுவின் அடையாளங்களைச் சேர்த்தார்கள். அறுபத்தொன்று நாற்பத்தொன்பதாகக் குறைந்தது. கேள்விக்குறிகள் இன்னும் பெருகின. கிளைப் படத்தில் பிராணி கொஞ்சம் இடம் மாறியது; ஆனால் பெரியவனின் கிளைக்குப் போகவில்லை. ஒற்றைக் கோடு பற்றிய பத்தியை எழுதும்போது சகலை பேனாவை நிறுத்தி, "இத முதல்ல சொன்னது நீங்கதானே?" என்று கேட்டார். சுண்ணாம்பு தலையசைத்தார். கட்டுரையில் அப்படியே எழுதப்பட்டது. ஆசிரியர் பெயர் இரண்டு. சகலையுடையது முதலில், சுண்ணாம்புடையது அடுத்து. தன் பெயரைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கியது. பத்து நிமிஷம் கழித்து, இரண்டாவதுதானே என்றும் தோன்றியது.

மாமனாருக்குச் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. அந்த வேலை சுண்ணாம்பின் தலையில் விழுந்தது. பெயர் பத்திரமாக இருக்கிறது, கால் மட்டும் இல்லை என்றார். "அப்போ அது யாரோட கால்?" என்று கேட்டார் ஸ்டேஷன் மாஸ்டர். தெரியாது மாமா என்றார் இவர். கிழவர் ஒருநாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து, காலே இல்லாமல் புது இனம் என்று நிரூபித்த பிராணி இது ஒன்றுதான் என்று தெருவில் சொல்ல ஆரம்பித்தார்.

அந்த அனாதைத் தொடையை யாரும் கேட்கவில்லை. சுண்ணாம்பு விண்ணப்பம் எழுதிக் கேட்டு வாங்கினார். அதிலும் வாலின் தசை வந்து ஒட்டுகிற கொக்கி போன்ற மேடு கொஞ்சம் விசித்திரமாக வளைந்திருந்தது. சகலை ஒருநாள் அதைப் பார்த்துவிட்டார். கண் அதிலேயே நின்றது. சேர்ந்து எழுதலாமா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றார் சுண்ணாம்பு. ஒரு வருஷம் யோசித்துக்கொண்டே இருந்தார். அதற்குள் அகராதியும் பழைய கட்டுரைகளும் வைத்துத் தானே உட்கார்ந்து எழுதி, நாலு பக்கக் குறிப்பு ஒன்றை ஒரு சின்னப் பத்திரிகையில் போட்டுவிட்டார். ஒற்றைப் பெயர். சின்னத் தாவர உண்ணி, ஒன்பது வயது, இதற்குமேல் வகை சொல்லப் போதிய எலும்பு இல்லை என்பது அதன் சாரம்.

பத்திரிகை வந்த அன்று கேன்டீனில் சகலை எதிரே உட்கார்ந்து அந்த நாலு பக்கத்தையும் படித்தார். முடித்துவிட்டு முதலிலிருந்து மறுபடியும் படித்தார். மூன்றாம் பக்கத்தில் ஓர் அளவு தப்பு என்றார். சுண்ணாம்பு பார்த்தார், தப்புதான். அதன் பிறகு சகலை டீயைக் குடித்து முடித்தார். ஆசிரியர் பெயர் இருந்த இடத்துக்கு மட்டும் அவருடைய விரல் இரண்டு தடவை போய்ப் போய் வந்தது. சுண்ணாம்பு அதைக் கவனித்தார். இன்னொரு டீ சொன்னார், இரண்டு பேருக்கும்.